பூச்சி இல்லாத செடி

பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருக்கும் அந்த மனிதர் எப்போதும் சிடுசிடுப்பார். வயலில் இருந்து செடியைப் பிடுங்கி வந்து காட்டாதவர்களுக்கு மருந்து தரமாட்டார்.

மழையில்லாமல் எங்கள் நிலக்கடலை பூக்கிற நேரத்தில் வாடியது. ஓசூர் வேலையை விட்டுவிட்டு அதைப் பயிரிட்ட என் மகன், சரியாகச் சாப்பிடாமல் யாரோடும் பேசாமல் இருந்தான். ஒருநாள் கடைக்காரர் என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"நேத்து உங்க பையன் பூச்சிமருந்து கேட்டான் சார். அவன் கொண்டாந்த செடியில ஒரு பூச்சி இல்லீங்க. எதுக்குடா மருந்துன்னேன், காச எடுத்து மேசையில வச்சான். பொட்டாஷ் உரந்தான் குடுத்தேன். தண்ணியில கரைச்சு சாயங்காலமா எலை மேல அடி, வறட்சியக் கொஞ்சம் தாங்கும், காலையில வந்து செடி எப்படி இருக்குன்னு சொல்லுன்னேன்."

"வந்தானாங்க?"

"வந்தான். தெனமும் வரச் சொல்லியிருக்கேன். நீங்க அவனத் தனியா வுடாதீங்க."

"அவன் மனசுல ஏதாவது..." என்று இழுத்தேன்.

"எனக்கென்னங்க தெரியும்? நான் உரம் விக்கிறவன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடலை பாதிதான் தேறியது. மகன் இப்போது சிரிக்கிறான், சாப்பிடுகிறான். ஆனாலும் கடைக்குப் போகிறேன் என்று அவன் செருப்பை மாட்டினால், எந்தக் கடைக்கு என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.