கவர் பிரித்த மெத்தை

அன்றைக்கு மடுல்சீமையில், மாப்பிள்ளை வீட்டுக் காம்பரா அறையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணனான மாமா, நான், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. ஆறு பேர். சுவரில் மாலை போட்ட படத்துக்குள் இருந்த மாப்பிள்ளையின் அப்பாவையும் சேர்த்தால் ஏழு. அந்தப் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்பு ஒன்று இரவு பகலாக எரிந்தது. யாருக்காகப் போனோமோ அந்த அக்கா வரவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போவது வழக்கமில்லை. அவள் நமுனுகுல பக்கம் எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், தம்பியோடு இருந்தாள்.

தம்பியை விட்டுவிட்டு என்னை மட்டும் ஏன் கூட்டிப்போனார்கள் என்று நான் யோசிக்கவில்லை. சாவு வீடோ கலியாண வீடோ, இராத்தங்க வேண்டிய இடம் என்றால் அம்மா என்னைத்தான் கூட்டிப்போவார். படுக்கும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் என்னைப் போடுவார். நான்தான் செல்லப்பிள்ளை என்று நினைத்து வைத்திருந்தேன்.

ஆனால் அந்தச் செல்லப்பிள்ளைக்கு ஒரு வியாதி இருந்தது. பத்து வயதாகியும் படுக்கையை நனைக்கிறேன் என்று அம்மா சொல்வார். விடிந்ததும் கம்பளியைக் கொடியில் போட்டுவிட்டு, அடுத்த காம்பராவுக்கும் அதற்கடுத்த காம்பராவுக்கும் கேட்கும்படி, "இந்தக் கழுத இன்னும் நிப்பாட்ட மாட்டேங்குதே, நான் என்னா செய்ய?" என்பார். லயத்துப் பிள்ளைகள் எனக்குப் 'பீலி' என்று பெயர் வைத்தார்கள். பீலி என்றால் லயத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற குழாய். நான் நடந்து வந்தாலே, "பீலி வருது, வாளிய வைங்கடா!" என்று கத்துவார்கள்.

பின்னேரத்தில் நான் தேத்தண்ணி குடிப்பதை விட்டேன். நாக்கு ஒட்டிக்கொள்கிற தாகத்தோடு படுத்தேன். படுக்கும் முன் இருட்டில் திரும்பத் திரும்ப வெளியே போய் வந்தேன். அப்படியும் விடிந்தால் ஈரம். ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. அப்பா படுத்திருக்கும் பக்கத்தில் மட்டும்தான் என் கவுன் நனைந்திருக்கும், மற்றப் பக்கம் காய்ந்து கிடக்கும். இது பாதி உடம்புக்கு மட்டும் வருகிற வியாதி என்று முடிவுசெய்தேன். மிச்சப் பாதிக்கு எப்போது பரவுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அப்பா குடிப்பார். அதை ஒரு செய்தியாக எங்கள் லயத்தில் யாரும் சொல்வதில்லை. வேலை முடிந்து, கசிப்பு விற்கிற வீட்டு வழியாகச் சுற்றி வருவார். சத்தம் போடமாட்டார், அடிக்கமாட்டார். சோற்றைத் தொடாமல் சுவர்ப்பக்கம் சுருண்டு படுத்துவிடுவார். அடித்துப்போட்டாலும் எழும்பமாட்டார். அதனால் எங்கள் அப்பா நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் மாமா. மாப்பிள்ளையின் அம்மா நகை கேட்கவில்லையாம், சாமான் கேட்கவில்லையாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், பெண்ணின் அப்பா குடிப்பாரா என்று. "எங்க மச்சானா? சோடாப் போத்தலைப் பார்த்தாலே ஒதுங்கிப் போயிருவாருங்க" என்று மாமா சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்த வாயால் கட்டிய வீட்டுக்குள் நாங்கள் எல்லோரும் இரண்டு பகல் ஓர் இரவு குடியிருக்க வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் அம்மா அப்பாவைச் சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். "போய்ட்டு வர்ற வரைக்கும் தொடாதீங்க. அங்க போய் மூத்தவ வாழ்க்கையக் கெடுத்துறாதீங்க. குடிக்காட்டி அது வராது" என்றார். அது என்றால் எது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

பசறையில் பஸ் மாறினோம். டிக்கெட்டுக்கு எடுத்த காசை அப்பா கீழே சிந்திவிட்டார். குனிந்து பொறுக்கியபோது அவருடைய விரல்கள் ஒன்றையும் பிடிக்க மாட்டாமல் ஆடின. அம்மா என் காதோடு குனிந்து, "அப்பாவப் பத்தி அங்க யாரு எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். வேற ஒரு சொல் வரக்கூடாது, வெளங்குச்சா?" என்றார். மடுல்சீமைக்கு ஏறுகிற வளைவுகள் முழுக்க, தெரியாது, தெரியாது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மறந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையும் சோசருமாகத் தேத்தண்ணி கொடுத்தார். அப்பா கையில் அது பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட்டது. "குளிருங்க. எங்க பக்கம் இவ்வளவு இல்ல" என்றார் மாமா. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் நெற்றியிலிருந்து வேர்வை சோசருக்குள் சொட்டியது. "சூட்டு உடம்புங்க அவருக்கு" என்றார் மாமா, அதே வாயால்.

"நடுங்குறதுக்குக் குளிரு, வேர்க்கிறதுக்குச் சூடா? ரெண்டு சீசனும் ஒரே ஆளுக்கு வந்திருக்கே அண்ணே!" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். பிறகு எழுந்துபோய், நேராகவே இருந்த படத்து மாலையை நேராக்கிவிட்டு வந்தார்.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, எனக்கு இரண்டு டொபி மிட்டாய் கொடுத்தார். திரும்ப பஸ் இல்லாததால் இராத்தங்க வேண்டும். அப்போதுதான் அந்த மெத்தை வெளியே வந்தது.

கலியாணத்துக்காகத் தவணைக்கு எடுத்த புது மெத்தை. கடையில் போட்ட பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டார்தான் முதலில் படுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா பிடிவாதமாக நின்றார். அம்மா சுவரில் சாய்த்திருந்த பாயைக் கையில் எடுத்தார்.

"பாய் போதும் மதினி. எங்களுக்கு மெத்த ஒத்துக்காது."

"ஒரு நாளைக்கு ஒத்துக்கட்டும்."

"அப்ப அந்தக் கவர் இருக்கட்டும் மதினி. கவரோடயே படுத்துக்குவாங்க."

"கவரோட படுத்தா விடிய விடிய சரசரன்னு சத்தம் போடுமே. என்னா மதினி நீங்க, இது என்னா கடையா?" என்று சொல்லிக்கொண்டே அவர் கவரைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கிழித்தார். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். படம் மாட்டியிருந்த காம்பராவில் மெத்தையை விரித்து அப்பாவையும் என்னையும் படுக்கவைத்தார்கள். அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் குசினியில் அடுப்புப் பக்கம், மாமாவும் மாப்பிள்ளையும் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில்.

அன்றைக்குத் தூங்குவதில்லை என்று நான் முடிவுசெய்திருந்தேன். தூங்கினால்தானே வியாதி வரும். இந்தப் புது மெத்தையை நான் நனைத்தால் அக்காவின் கலியாணம் நின்றுபோகும். தொடையை இறுக்கிக்கொண்டு, சிவப்பு பல்பையும் படத்தில் இருந்தவரின் மீசையையும் பார்த்தபடி கிடந்தேன்.

அப்பாவும் தூங்கவில்லை. அவருடைய சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருந்தது. திடீரென்று எழுந்து உட்கார்ந்து என் காலைப் பிடித்தார்.

"பாப்பா, ஆடாத. அட்ட ஏறுது."

கொழுந்து மலையில் மழைநாளில் அட்டை ஏறும். காம்பராவுக்குள், மெத்தைமேல் எப்படி வரும்? சிவப்பு வெளிச்சத்தில் என் காலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்பா மிகவும் பொறுமையாக, எனக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல, இல்லாத அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சுவர்ப்பக்கம் எறிந்தார். "எவ்வளவு இருக்கு, எவ்வளவு இருக்கு" என்று அழுதார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால் அந்த வீட்டார் வந்து கேட்பார்கள். தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு அவர் உடம்பு பலகைபோல விறைத்தது. கண் மேலே செருகியது. கையும் காலும் மெத்தையில் அடித்துக்கொண்டன. சூடாக ஏதோ என் பக்கம் பரவி வந்தது. நான் முழித்துக்கொண்டிருந்தேன், அது என்னுடையது அல்ல. தொட்டுப் பார்த்தேன். கவுனில் அதே பக்கம்தான் நனைந்திருந்தது.

அப்போதுதான் கத்தினேன்.

முதலில் ஓடிவந்தவர் அம்மா. லைட்டைப் போட்டார். மெத்தையைப் பார்த்ததும், அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, பின்னால் வந்தவரிடம், "சின்னவதான் மதினி, அவளுக்கு அந்தப் பழக்கம்..." என்று ஆரம்பித்துவிட்டார். அத்தனை நாள் சொல்லிச் சொல்லி வாய் தானாகச் சொன்னது. அதற்குப் பிறகுதான் அப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா, "வலிப்பு! சாவிக்கொத்த எடுங்க, கையில இரும்பு குடுங்க!" என்று ஓடினார். மாப்பிள்ளையின் அம்மா அந்தச் சாவிக்கொத்தைப் பிடுங்கி மூலையில் வீசினார். "இது இரும்புக்கு நிக்கிற வலிப்பு இல்ல. பக்கமா சரிச்சுப் படுக்கவைங்க. தம்பி, போய் ஆட்டோவக் கூப்பிடு" என்று மகனை அனுப்பினார்.

மூட்டத்தில் ஆட்டோவின் வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு குழியிலும் அப்பாவின் தலை அம்மாவின் மடியில் ஆடியது. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் இன்னோர் ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயது டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர்.

"முந்தி எப்பவாவது வலிப்பு வந்ததோ?"

"இல்லைங்க."

"குடிக்கிறவரோ?"

அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஐயோ, இல்லைங்க."

"சாமி சத்தியமா இல்லைங்க டொக்டர்" என்றார் மாமா.

"அம்மா, நான் உங்களை ஏசுறதுக்குக் கேக்கேல்லை. நல்லாக் குடிச்சுக்கொண்டிருந்த ஆள் திடீரெண்டு விட்டாலும் இப்பிடி வரும். திரும்ப வந்தா உயிருக்கு ஆபத்து. என்னெண்டு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்கலாம். மறைக்காமல் சொல்லுங்கோ."

அம்மா மறுபடியும் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். டொக்டரின் கண் என்மேல் விழுந்தது. பஸ் முழுக்கப் பழகிவைத்த சொல் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அப்பா செத்துப்போவார், சொல்லாவிட்டால் அக்காவின் கலியாணம் போகும். பத்து வயதில் ஒருத்தி வைத்துக்கொண்டிருக்கக்கூடிய பயமா அது?

"தெனமும் குடிப்பாரு" என்றேன். "முந்தாநாளு நிப்பாட்டினாரு. அட்ட ஏறுதுன்னாரு. அட்டையே இல்ல."

அம்மா கையை ஓங்கினார். அது என்மேல் விழவில்லை, அவருடைய வாயையே போய்ப் பொத்தியது. டொக்டர் நர்சைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கிட்டே இழுத்தார். "ஈரக் கவுனோட நிக்கிறா" என்று மட்டும் சொல்லித் தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து என்னைச் சுற்றினார்.

அப்பாவைப் பதுளை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் பிழைத்து எழுந்து உட்கார்ந்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா வார்ட்டுக்கு வந்தார். கலியாணத்தை முறித்துச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

"குடிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல அண்ணே, குடிச்சுப் போனவரு எங்க வீட்டுப் படத்துலயும் இருக்காரு. ஏமாத்தப் பார்த்தீங்களே, அதுக்குத்தான். மெத்த ஒம்பதாயிரம். அத நான் ஏன் கட்டணும்? சம்பளத்துக்குச் சம்பளம் ஐந்நூறு நீங்க குடுங்க. ஆள்கிட்ட குடுத்துவிடக் கூடாது. நீங்களே மடுல்சீமைக்கு வந்து, எனக்கு முன்னால நின்னு, வாயத் தொறந்து 'இந்தா தங்கச்சி'ன்னு சொல்லிக் குடுக்கணும். மொதத் தவண வரட்டும், பொண்ணப் பத்தி அதுக்குப் பொறகு பேசுவோம்."

"மதினி, மொத்தமா நான்..." என்று மாமா ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க சோடாவக் குடிச்சிட்டு சும்மா இருங்க" என்றார் அவர்.

நான் அவரை வெறுத்தேன். படுக்கையில் கிடக்கிற மனுசரிடம் மெத்தைக்குக் காசு கேட்கிற பெண். அப்பா முதல் தவணை கொண்டுபோனபோது நானும் போனேன். "இந்தா தங்கச்சி" என்று அப்பா சொன்னதும், அவர் தாளை வாங்காமல் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, மூச்சை இழுத்தபடி நின்றார். காசு கள்ளத்தாளோ என்று சந்தேகப்படுகிறார் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கலியாணம் நடந்தது. என் வியாதியும் போய்விட்டது, மிச்சப் பாதிக்குப் பரவவே இல்லை. பீலி என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஒருநாள் பிள்ளைகள் வாளியைத் தட்டிக் கத்தியபோது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா நின்றார். "அவ இல்லடா. அது நான்" என்றார். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ஒருவனும் நம்பவில்லை.

கடைசித் தவணை நாளிலும் நான் கூட இருந்தேன். அப்பா தாளை நீட்டி, "இந்தா தங்கச்சி" என்றார். மாப்பிள்ளையின் அம்மா அதேபோல் கிட்ட வந்து நின்றார். பிறகு, "இது இருக்கட்டும் அண்ணே. அடுத்த சம்பளத்துக்குக் கொண்டுவாங்க" என்றார். அப்பா மறுபேச்சில்லாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். சோசர் சத்தம் போடவில்லை. வட்டி போடப்போகிறார், இந்தக் கடன் தீராது, நாங்கள் அழிந்தோம் என்று நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அப்பா ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டுக் கொழும்புக்கு வேலைக்கு வந்து வருசக்கணக்காகிறது. இன்றைக்கும் நடு இரவில் எழும்பிப் படுக்கையைத் தடவிப் பார்ப்பேன். சம்பளம் போடுகிற வாரம் வந்தால் அக்காவுக்குப் போன் எடுக்காமல் தூங்கமாட்டேன். அப்பா வந்தாரா என்று கேட்பேன். வந்தார் என்பாள். கொடுத்தாரா என்று கேட்பேன், கொடுத்திருக்கக் கூடாதே என்று. "குடுக்கல, மாமி வாங்கல" என்பாள். ஒருமுறை அத்தான் விளையாட்டாகத் தன் பையிலிருந்து எடுத்துக் கணக்கை முடிக்கப் பார்த்தாராம். அப்பாவும் மாமியும் சேர்ந்து அவரை ஏசினார்களாம்.

இப்போது அந்தக் காசுக்கு ஒரு பைக்கற்று பால்மாகூட வராது. ஆனாலும் பாக்கி பாக்கிதான். ஐந்நூறு ரூபாய்.