படிக்குள் எங்கும் சைபர்

ஹட்டனில், பல்கலைக்கழகம் போக உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். தசமத்தை வெட்டியெறிந்து கீழேயுள்ள முழு எண்ணை மட்டும் தரும் சார்பை ஒருநாள் வகையிட்டுக் காட்டினேன். வரைபு படிக்கட்டு மாதிரி வரும். படி மாறும் இடத்தில் பெறுதி, அதாவது ஏற்றத்தின் அளவு, கிடையாது. படிக்குள் எங்கும் சைபர், ஏற்றமே இல்லை.

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஒன்னு தசம் ஒம்பது ஒம்பது வரைக்கும் நடந்தாலும் ஒன்னுதானுங்களா சார்?"

"ஒன்னேதான்." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்று தடவை பரீட்சை எழுதினாள். கடைசித் தடவையும் பொறியியல் பீடத்துக்கான வெட்டுப்புள்ளிக்குத் தசமத்தில்தான் குறைந்தது. பாழாய்ப்போன தசமம்!

போன மாதம் பஸ் ஸ்டாண்டில், கொழும்புக் கடை வேலைக்குப் போகப் பையோடு நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன். அவளே சொன்னாள்: "நல்லாத்தான் நடந்தேன் சார். படி மாறலைங்க."