ஐந்தருவிக்கு வந்த தையல் டீச்சர்

வியாழன், காலை எட்டு மணி. சென்னையிலிருந்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர் வந்து தென்காசியில் இறங்கினேன். மலைமேல் மேகம், முகத்தில் சாரல். மற்றவர்கள் கையில் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும். என் பையில் வக்காலத்துத் தாள்.

என் கட்சிக்காரி ஜமீலாவின் கணவர் வளைகுடாவில் ஒரு வணிக நிறுவனத்தின் கிளை மேலாளர். சரக்குப் பத்திரத்தில் ஏதோ கோளாறு. முதலாளி விமானம் ஏறிவிட்டார், கையெழுத்துப் போட்ட இவர் உள்ளே. மூன்று வாரமாகிறது. அரபியில் எழுதிய வாக்குமூலத்தில் வரும் ஞாயிறு கையெழுத்துக் கேட்கிறார்கள். இவருக்கு அரபி பேச வரும், படிக்க வராது.

அயல்நாட்டில் கைதானவர் கேட்டால், அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்க்கலாம், வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். ஆனால் அவரே வேண்டாமென்று நின்றால் தூதரகமும் ஒதுங்கிக்கொள்ளும். இந்த மனிதர் வேண்டாமென்றுவிட்டார்! தூதரகத்தில் சொன்னால் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க ஆள் வரும், தெருவுக்குத் தெரியும், அடுத்த மாதம் தங்கையின் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜமீலா என்னை வீட்டுக்கும் வரவிடவில்லை. "வக்கீலுன்னு யார்ட்டயும் சொல்லிராதீய மேடம். சம்பந்தி வீட்டுப் பொம்பளையளோட ஐந்தருவிக்கு வாரோம், அங்கன வாங்க. தையல் டீச்சர்னு சொல்லுதேன்" என்றாள் போனில். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவள் நான்.

ஐந்தருவிக்குப் பத்து கிலோமீட்டர், ஆட்டோ முந்நூறு ரூபாய்.

"சீசன்லா, அதான். குளிக்கவா வந்திய?" என்றார் ஓட்டுநர்.

"தையல் டீச்சர்" என்றேன், கேட்காத கேள்விக்கு.

பதினொன்றரைக்கு ஜெயிலிலிருந்து ஜமீலாவின் போனுக்கு அழைப்பு வந்தது. வாரம் ஒருமுறை, ஐந்தே நிமிடம். அவளும் நானும் பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம்.

"மச்சான், எம்பசியக் கேளுங்க. படிச்சுச் சொல்ல ஆள் வராம கையெழுத்துப் போடாதீய."

"ஊருக்குத் தெரிஞ்சிரும்லா. கல்யாணம் முடியட்டும் புள்ள."

இரண்டு நிமிடம் போயிற்று. ஜமீலா என்னைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்து, தலை துவட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் உம்மா முன்னால் நின்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மாமி, இவுகள அங்க ஜெயில்ல வச்சிருக்காவ. ஒங்ககிட்ட மறச்சிட்டோம். மச்சான், இப்பம் தெரிஞ்சிட்டு. இனி என்ன பயம்?"

சட்டம் பேச வந்து ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே!

அந்தம்மா ஈரக் கையைத் துடைத்துப் போனை வாங்கினார்.

"தம்பி, எம் மவனும் போன வருசம் முதலாளி பண்ணுன கோளாறுல பதினோரு நாள் உள்ள கெடந்தவந்தான். பொண்ணு தர மாட்டியளோன்னு நாங்களும் வாயத் தொறக்கல. எம்பசிக்காரன் வந்துதான் வெளிய கொண்டாந்தான். மொதல்ல அவனக் கூப்பிடு."

அந்தப் பக்கத்திலிருந்து, "கேக்கேன் மாமி. இன்னைக்கே கேக்கேன்."

அழைப்பு அறுந்தது. ஜமீலா படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு வக்காலத்தை வாங்கி, எல்லோர் முன்னாலும் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சென்னையில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மறைக்கவும் ஆளில்லை, போட்டு உடைக்கவும் ஆளில்லை. ஆட்டோவில் ஏறும்போது அந்தம்மா ஓடிவந்தார்.

"கல்யாணத்துக்கு வந்துரணும்."

"யாருன்னு சொல்வீங்க?"

ஜமீலா முந்திக்கொண்டாள். "வக்கீலுன்னுதான். தையல் டீச்சர்னா எவளாவது ஜாக்கெட்டுத் துணியத் தூக்கிட்டு வந்துருவா."