எலுமிச்சம்பழம் பின்னால் விழவில்லை

சென்ற பள்ளி விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை, மலாக்கா மாநிலத்து லூபோக் சீனாவுக்குப் போய்வந்தேன். என் தோட்டத்துக் கூட்டாளி மாரிமுத்து பினாங்கிலுள்ள மகள் வீட்டோடு போகப்போகிறான் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் "நீ சொன்னதுதான் சரி" என்று அவன் வாயால் கேட்டுவிட வேண்டும்.

இளவட்டங்களாக இருந்தபோது, திருவிழா முடிந்து தோட்டத்து லாரியில் நின்றபடி திரும்பிக்கொண்டிருந்தோம். மாரிமுத்துவின் கையில் பூசாரி கொடுத்த எலுமிச்சம்பழம். ஓடும் லாரியில் அதை நேர் மேலே தூக்கிப் போட்டால் பின்னால் போய்விடும் என்றான் அவன். கைக்கே திரும்பி வரும் என்றேன் நான். போட்டான். பழம் முனீஸ்வரர் கோயில் அருகே சாலையில் விழுந்தது. லாரியே சிரித்தது. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு அன்றிலிருந்து 'புரொபசர்' என்று பெயர்.

மலாக்கா சென்ட்ரலில் எட்டரை மணி பஸ். மஸ்ஜித் தானா வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இடது பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு. வழியெல்லாம் ரப்பர் பால்மரம் நின்ற இடங்களில் இப்போது செம்பனையும் தொழிற்சாலைகளும். விடியற்காலையில் பால்வாளிகள் மோதும் சத்தம் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

அந்தச் சிரிப்புக்காகவே நான் நூலகங்களில் உட்கார்ந்து படித்தேன். யாரும் தள்ளாத, இழுக்காத பொருள் நின்றால் நின்றபடியே இருக்கும். ஓடினால் ஒரே வேகத்தில் நேராக ஓடும். எங்கிருந்து பார்த்தால் இந்த விதி பிசகாமல் பொருந்துகிறதோ, அதற்கு நிலைமக் குறிப்பாயம் என்று பெயர். சீரான வேகத்தில் நேராக ஓடும் லாரி அப்படிப்பட்டது. மேலே போட்ட பழமும் லாரியின் வேகத்திலேயே ஓடும்; பூமி அதைக் கீழே இழுக்கும். பக்கவாட்டில் தள்ள ஆளில்லை. ஆனால் லாரி திரும்பினால் கதையே வேறு.

மஸ்ஜித் தானாவில் டாக்சி பிடித்தேன். போக, காத்திருக்க, வர அறுபது வெள்ளி. மாரிமுத்து வாசலிலேயே நின்றான்.

"வாங்க புரொபசர்! இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?"

"வண்டியில ஏறுடா. முனீஸ்வரர் கோயில் வளைவு வரைக்கும் போய்ட்டு வரலாம்."

பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். தலையில் அடித்துக்கொண்டான்.

"டேய், இன்னுமா அத விடல?"

"நீ சரின்னு சொல்லு, விட்டுர்றேன்."

காற்றும் தள்ளும் என்பதால் கண்ணாடிகளை மூடச் சொன்னேன். "ஏர்கோன் போட்டாச்சு அங்கிள். என் தலையில மட்டும் போட்டுறாதீங்கலா" என்றார் டாக்சிக்காரர். நேர்ச்சாலையில் மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் கைக்கே வந்தது. கோயிலருகே வண்டி வலப்பக்கம் வளைந்தபோது மறுபடி போட்டேன். பின்சீட்டில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மாரிமுத்துவின் மடியில் விழுந்தது.

"பாத்தியா, விழுந்துருச்சி! அன்னைக்கும் இதே இடந்தான்!"

"அன்னைக்கும் இடப்பக்கந்தான்டா விழுந்துச்சி. பின்னால விழுந்துச்சா? பழம் நேராத்தான் போச்சு, லாரிதான் திரும்பிருச்சி."

அவன் பழத்தை முகர்ந்து பார்த்தான். திருப்பித் தரவில்லை.

நீங்களும் செய்து பார்ப்பதென்றால் கெட்டியான பழமாக வாங்குங்கள், ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழை நாளில் வேண்டாம். லூபோக் சீனாவிலிருந்து திரும்பப் பஸ்ஸை நம்பாதீர்கள்.

மாரிமுத்து கடைசிவரை சரி என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் திரும்பும்போது அதே வளைவு இடப்பக்கம் வந்தது. கேட்காமலே பழத்தைத் தூக்கிப் போட்டான். அது கீழே வருவதற்குள் அவன் வலது கை என் மார்புக்கு முன்னால் நீண்டு காத்திருந்தது. பழம் அதில்தான் விழுந்தது.