விதைக்கு ஒரு மாத்திரை

மருந்துக்கடை அக்காவின் கல்யாணமே ஒரு களிம்பால்தான் நடந்தது. சிறு வயதிலிருந்தே அவள் கடைத்தெரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை முதலாளியைவிட வேகமாகப் படிப்பாள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தபோது, முதுகுவலிக் களிம்பு கேட்டு ஒரு விவசாயி வந்தார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒரு டியூப் தாராளமாக ஒரு மாதம் வரும் என்பது அவளுக்குத் தெரியாதா?

"இதை முதுகுல தடவுறீங்களா, ரொட்டியில தடவுறீங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "முதுகு எப்பவோ சரியாயிடுச்சுங்க" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் கடையை விடவில்லை. காலையில் வீட்டுவேலை, மதியத்துக்குமேல் கடை. வீட்டுக்குப் பின்புறமே நிலம் இருந்ததால், அடுப்படி ஜன்னலைத் திறந்தால் சூரியகாந்தி வயல் தெரியும். பூத்து நிற்கும்போது பாத்திரம் தேய்ப்பதுகூட அலுக்காது. ஆனால் வயலின் கீழ்க்கோடியில் ஒரு மூலை மட்டும் மொட்டையாகக் கிடக்கும். வெயில் ஏறினால் அங்கே மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். போட்ட விதையில் பாதி முளைக்காது; முளைத்ததும் சவலைப்பிள்ளைபோலச் சோர்ந்து நிற்கும்.

"இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தலையில வழுக்கை விழுந்தா தலையையா மாத்த முடியும்?" என்றார் கணவர். அவருக்கும் அப்போது முன்வழுக்கை ஆரம்பித்திருந்தது. அதனால் அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆனால் மனசு விடவில்லை. வேளாண்மை அதிகாரி தன் குழந்தைக்கு மருந்து வாங்கக் கடைக்கு வருவாள். சின்ன வயதுக்காரி, சிரித்த முகம். ஒருநாள் மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே மருந்துக்கடை அக்கா அந்த மூலையின் கதையைச் சொன்னாள்.

"விதைக்கிறதுக்கு முன்னாடி வைட்டமின் கரைச்ச தண்ணியில ஊறவெச்சுப் பாருங்கக்கா" என்றாள் அதிகாரி. "எண்ணெய் வித்துக்கெல்லாம் இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. உப்பு மண்ணுல முளைக்கிறப்போ விதை ரொம்பக் கஷ்டப்படும். இது அதுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கும். வைட்டமின் சி போதும்."

வைட்டமின் சி! அது தன் கைக்கெட்டும் அலமாரியிலேயே இருக்கிறதே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அளவு, முறை எதையும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு டப்பா மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை, ஆரஞ்சு நிறம்.

கணவர் டப்பாவைப் புரட்டிப் பார்த்தார். "விதைக்கு என்ன, சளி பிடிச்சிருக்கா?"

"சிரிங்க சிரிங்க. முளைச்சு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

டப்பாவில் இருந்ததையெல்லாம் நுணுக்கிக் கரைத்து விதையை ஊறப்போட்டாள். அடுப்படி முழுக்க ஆரஞ்சு வாசனை. வடித்து எடுத்தபோது விதை விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கட்டிலில் பழைய போர்வையை விரித்து உலரப்போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பக்கத்துவீட்டில் குடியிருக்கும் நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அண்ணி, விருந்துக்குச் சொல்லியிருந்தீங்களா? எல்லாரும் வந்துட்டாங்க."

உள்ளே போய்ப் பார்த்தால் ஜன்னலிலிருந்து கட்டில்வரை எறும்புச் சாரை. மிஞ்சிய விதையில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்தது.

விஷயத்தைக் கேட்ட அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, அதுல பாதி சர்க்கரை. நமக்கு வேண்டியது வெறும் தூள். அதுவும் ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு சிட்டிகையைவிடக் கம்மி. அதிகமாப் போட்டா அதிகமா முளைக்காது. காலையில ஊறப்போட்டு, சாயங்காலம் வடிச்சு, நிழல்ல நல்லா காயவெச்சு விதைங்க."

'ரெண்டு மாத்திரை சேத்துப் போட்டா ரெண்டு மடங்கு சீக்கிரம் குணமாகாதும்மா' என்று இத்தனை வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! ஊருக்குச் சொன்னது தன் காதில் விழவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த விதைப்புக்குச் சுத்தமான தூளை வரவழைத்தாள். இந்தமுறை கணவர் பந்தயம் கட்டினார். உப்பு மூலையின் நடுவே கயிறு கட்டி, ஒரு பாதியில் அவளுடைய ஊறிய விதை, மறுபாதியில் அவருடைய விதை. தோற்றவர் அடுத்த அறுவடைவரை காலையில் எழுந்து டீ போடவேண்டும். நாத்தனார்தான் நடுவர்.

முளை வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசை பிசகாமல் பச்சை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கேயும் பச்சை! இவளுடையதைப்போல அவ்வளவு அடர்த்தி இல்லை. ஆனால் அந்த மண்ணில் அத்தனை முளையை யாரும் பார்த்ததில்லை. கணவர் ஒன்றும் நடக்காததுபோல மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை பாடும் வீண்தானா? மழைதான் நல்லபடியாகப் பெய்ததோ?

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணி, டிராக்டர் கொட்டகையில பக்கெட்டுல என்ன ஊறுச்சுன்னு எங்க அண்ணனைக் கேளுங்க."

கணவர் முழித்தார். "நான் வைட்டமின் ஒண்ணும் போடலை. வெறும் தண்ணிதான். உப்பைத் தின்னா தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்?"

"பந்தயம்னா பந்தயம்தானே? இப்படித் திருட்டு வேலை பண்ணலாமா?"

"நீ அவ்வளவு நம்பிக்கையாச் செய்யறதைப் பாத்ததும் தோத்துடுவேனோன்னு தோணிடுச்சு. காலையில எந்திரிக்கிறது நமக்கு ஆகாது, தெரியும்ல?"

அன்று ராத்திரி அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே சோறு போட்டாள். அவர் உப்பு கேட்டபோது மட்டும், "உங்க வயல்ல நிறைய இருக்கு" என்றாள். அதற்குமேல் அவளாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

வயலைப் பார்க்க வந்த அதிகாரிக்கோ வாயெல்லாம் பல். "நல்ல காரியம் பண்ணியிருக்கீங்கண்ணே" என்றாள். கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். "தெரிஞ்சு பண்ணலைன்னாலும் நல்ல காரியம்தான். வெறும் தண்ணியில ஊறினாலே விதைக்குப் பாதி பலம் வந்துடும். அது தெரியாமப் புகழையெல்லாம் தூளுக்கே கொடுத்துடுவாங்க. அடுத்ததடவை அந்த மூலையை மூணு பட்டையாப் பிரிச்சுப் போடுங்க. ஊறவைக்காத காஞ்ச விதை ஒண்ணு, தண்ணி ஒண்ணு, வைட்டமின் ஒண்ணு."

அப்படியே போட்டார்கள். காய்ந்த விதைப் பட்டை பழையபடி மொட்டை. தண்ணீர்ப் பட்டை சுமாராக வந்தது; ஆனால் வெயில் கடுமையானதும் வளர்ச்சி தயங்கி, பூத்தட்டு சிறுத்தது. வைட்டமின் பட்டையில் இலை நல்ல பச்சையாக நின்றது, பூத்தட்டும் நிறைவாக இருந்தது. வயலின் மேல்பக்க நல்ல நிலத்துக்கு ஈடாக இல்லை, இருக்கவும் முடியாது. ஆனாலும் எண்ணெய் மில்லில் தனியாக ஆட்டிப் பார்த்தபோது, அந்தப் பட்டையின் விதையில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது. கணவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "எண்ணெய்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. மறுநாள் விடிந்ததும் அடுப்படியில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை அதிகம், ஆனாலும் அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

செய்தி மெல்லப் பரவியது. கடைக்கு விவசாயிகள் வர ஆரம்பித்தார்கள். யார் வைட்டமின் கேட்டாலும், "ஆளுக்கா, நிலத்துக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் எடுப்பாள். நிலத்துக்கு என்றால், "முதல்ல ஒரு துண்டு நிலத்துல வெறும் தண்ணியில ஊறவெச்சுப் பாருங்க. அதுலயே சரியாயிடுச்சுன்னா இது எதுக்கு?" என்பாள். முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, நீ வியாபாரம் பண்றியா, வர்றவங்களைத் திருப்பி அனுப்புறியா?" என்பார். கேலிதான், அவருடைய மைத்துனரும் அவளிடம் கேட்டுத்தான் விதை ஊறவைத்தார்.

ஒருமுறை அதிகாரி நடத்திய கூட்டத்தில் அவளையும் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் ஆரஞ்சு மாத்திரைக் கதையில் ஆரம்பித்தாள். கூட்டம் சிரித்ததும் பேச்சு தானாக வந்தது. பின்வரிசையில் கணவர், பக்கத்தில் இருந்தவரிடம், "என் சம்சாரம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது மேடைவரை கேட்டது.

போன வாரம் நாத்தனார் ஒரு பை எள்ளோடு வந்தாள். "அண்ணி, இதுக்கும் உங்க வைத்தியத்தைப் பாத்துடுவோம்."

எள் சின்ன விதை, ஊறினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டுபேரும் கூடத்தில் துணி விரித்துப் பிரித்துப் பிரித்துப் பரப்பினார்கள். சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்கள். ஈரம் இருந்தவரை எள் அடங்கிக் கிடந்தது. காய்ந்ததும் பறந்துவிட்டது. கட்டிலடி, செருப்பு, கணவரின் சட்டைப்பை, எங்கே பார்த்தாலும் எள்.

"எள்ளு விழ இடமில்லைன்னு சொல்வாங்களே, நம்ம வீட்டுல எல்லா இடத்துலயும் விழுந்திருக்கு" என்றாள் நாத்தனார்.

மருந்துக்கடை அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். "சரி, எள்ளுக்கு மின்விசிறி ஆகாது. அது தெரிஞ்சுபோச்சுல்ல? நீ அந்த மூலையிலேர்ந்து கூட்டிட்டு வா."