மார்ச் மாதப் பனிமலைச் சரிவில் ஒரு மோதல்

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் மனைவியும் மியூனிக்கிலிருந்து ரயிலேறி மலைக்குப் போனோம். அடிவாரத்தில் புல்வெளி முழுக்க ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. பனிக்காலம் முடிந்துவிட்டது என்ற தைரியத்தில் ஏறினோம். பாதி மலையில் பனி முழங்காலைத் தொட்டது.

“போதும், திரும்பிடலாம். எனக்குக் காலே மரத்துப்போச்சு” என்றாள் மனைவி.

“இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்புறதா?” என்றேன். சுற்றிலும் ஆளில்லை என்ற நினைப்பில் இருவருமே குரலை உயர்த்தினோம்.

அப்போது மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது.

“அண்ணை, விலத்துங்கோ! நிப்பாட்ட ஏலாது!”

நான் திரும்புவதற்குள், பிளாஸ்டிக் பையின் மேல் உட்கார்ந்து சறுக்கி வந்த ஓர் இளம்பெண் என் காலை வாரிவிட்டாள். இருவரும் உருண்டுபோய், ஒரு மரத்தடியில் குவிந்திருந்த பனிக்குள் விழுந்தோம்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, நோகுதோ?” என்று பதறினாள்.

“இல்லம்மா. நாங்க தமிழ்னு எப்படித் தெரிஞ்சது?”

“நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சது உச்சிவரைக்கும் கேட்டது.”

மேலே நின்றிருந்த மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்த அந்தப் பெண், தன்னிடம் இன்னொரு பை இருப்பதாகச் சொல்லி அவளையும் அழைத்தாள். அடுத்த ஒரு மணி நேரம் இருவரும் சரிவில் ஏறுவதும் கத்திக்கொண்டே சறுக்குவதுமாக இருந்தார்கள். நான் உச்சியை மறந்துவிட்டு, கீழே நின்று அவர்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தேன்.