நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டவள்

இந்த ஊரில் எல்லோரும் என்னை நலம் விசாரிக்கிறார்கள். பதிலுக்கு ஒருவரும் நிற்பதில்லை. பேருந்து ஓட்டுநர், ரொட்டிக் கடைப் பெண், கீழ்த்தளத்தில் நாயோடு குடியிருக்கும் கிழவர், எல்லோரும் 'ஆல்ரைட்?' என்று கேட்டபடியே கடந்துவிடுகிறார்கள். வந்த புதிதில் நான் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்றைய தலைவலியிலிருந்து தொடங்குவேன். கேட்டவர் அதற்குள் தெருமுனையில் இருப்பார். வட இங்கிலாந்தின் மழை மட்டும் முழுக்கக் கேட்கும். அந்தக் கேள்விக்கு அதே கேள்விதான் பதில் என்று விளங்க எனக்குச் சில குளிர்காலங்கள் ஆயின.

அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பெயர் ஹெலன். முகம் தெரியாது. பயணக் காப்பீட்டு நிறுவனமொன்றின் தொலைபேசிக் குரல்.

போன வருஷம் என் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் என் அக்கா பஸ் மாறி பஸ் மாறிக் குலசேகரன்பட்டினம் போய், முத்தாரம்மன் முன்னால் நின்று நேர்ந்துகொண்டாள். "எந் தம்பி பொழச்சு வந்தாம்னா தசராவுக்கு வேஷம் கட்டி ஒனக்காவக் கையேந்துவான் தாயே." என்னைக் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நானும் இல்லை. பிழைத்தேன். இனி கையேந்த வேண்டும். இதயத்தில் பழுது உள்ளவன் காப்பீடு இல்லாமல் ஊருக்குப் போய் அங்கே விழுந்துவிட்டால், அக்கா இருக்கிற வயலை விற்று ஆஸ்பத்திரிக்குக் கட்டுவாள். அது எனக்குத் தெரியும். இருக்கிற நோயை மறைத்து எடுத்த காப்பீடு இல்லாத காப்பீடுதான். ஆகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று ஹெலனை அழைத்தேன்.

பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டாள். நேர்ச்சைக்கு ஆங்கிலம் தேடித் தோற்று, "கடவுளுக்குக் கொடுத்த வாக்கு" என்றேன்.

"அங்கே என்ன செய்வீர்கள்?"

"வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுப்பேன்."

மறுமுனையில் தட்டச்சு நின்றது. "சார், பயணத்தில் உங்களுக்கு வருமானம் வருமா? வேலை என்றால் அது வேறு பிரிவு."

"வரும். எனக்கு இல்லை."

"யாருக்கு?"

"அம்மனுக்கு. பெண் தெய்வம். எங்கள் கடற்கரையில் இருக்கிறாள்."

முத்தாரம்மனின் குலசைத் தசரா உங்களுக்குத் தெரியும். காளியும் குரங்கும் போலீஸ்காரரும் மணப்பெண்ணும் ஒரே டீக்கடையில் நிற்பதையும், கார் வைத்திருப்பவரும் கிழிந்த சட்டையோடு தட்டேந்தி, விழுந்ததையெல்லாம் உண்டியலில் சேர்ப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஹெலன் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் சிரிக்கவில்லை. "தர்ம காரியம் என்று குறித்துக்கொள்கிறேன்" என்றாள். அந்த இடத்தில் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு கேட்டாள். "சமீபத்தில் நெஞ்சில் ஏதாவது அசௌகரியம் உண்டா?" கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். கம்பிக்குள் அவள் மூச்சு கேட்டது. இந்த நாட்டில் என் பதிலுக்காக யாரும் அத்தனை நேரம் மௌனமாக இருந்ததில்லை.

அப்பா ஞாபகம் வந்தார். கடனாநதித் தண்ணீர் பாய்ந்த எங்கள் வயலில் கதிர் தலைசாய்ந்து கிடக்கும் வருஷங்களில், வரப்பில் போகிற யாராவது "அண்ணாச்சி, வெள்ளாம எப்படி?" என்பார்கள். அப்பா முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "என்னத்தச் சொல்ல வே, ஏதோ கெடக்கு" என்பார். எதிலுமே 'நன்றாக இருக்கிறது' என்று அவர் வாயால் ஒத்துக்கொண்டதில்லை. நெல்லுக்கு, மாட்டுக்கு, பிள்ளைகளுக்கு, தன் உடம்புக்கு, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். சொன்னால் கண் பட்டுவிடும். எங்கள் பக்கத்தில் நலமாக இருப்பவன் நலம் என்று சொல்வதில்லை. கேட்கிறவரும் அதை நம்புவதில்லை. "ஏதோ இருக்கேன்" என்றால், சௌக்கியம் என்று எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்.

நானும் சொன்னேன். "ஏதோ இருக்கிறது." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் இன்னும் காத்திருந்தாள். "சாயங்காலங்களில் கொஞ்சம் பாரமாக இருக்கும்."

"எந்தப் பக்கம்?"

"நடுவில். இருட்டத் தொடங்கும்போது வரும். யாராவது பேசினால் போய்விடும்."

"மருத்துவரிடம் சொன்னீர்களா?"

"இல்லை. இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்."

அவள் குரல் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டது. சோதித்து அறியப்படாத அறிகுறி இருக்கும்வரை காப்பீடு தர இயலாது; தயவுசெய்து மருத்துவரை உடனே பாருங்கள். நான் அது வலி இல்லை என்றேன், எங்கள் ஊர் வழக்கம் என்றேன், சாயங்காலம் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "வருந்துகிறேன் சார்" என்றாள். உண்மையிலேயே வருந்தினாள் என்றுதான் நினைக்கிறேன். மருத்துவரும் அதையே சொன்னார். பரிசோதனை முடியும்வரை விமானம் ஏறக் கூடாது. பரிசோதனைக்குக் கிடைத்த நாள் தசராவுக்கு அப்பால் இருந்தது. வேறு நிறுவனங்களைக் கேட்டேன். அங்கும் அதே கேள்வி. இப்போது அந்தப் பாரம் என் மருத்துவக் குறிப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அக்காவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபமா சிரிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை.

"ஏலே, ஊருக்குச் சொல்லுதத அவகிட்ட ஏம்லே சொன்ன? அந்த வெள்ளக்காரி ஒன் நெஞ்சக் கண்ணு வச்சிருவாளாக்கும்?"

"வாயில வந்துட்டுக்கா."

"இப்பம் நெசத்தச் சொல்லு. எப்படி இருக்கு?"

"ஏதோ இருக்கு."

"பாத்தியா, எங்கிட்டயும் அதையே சொல்லுத." கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு, "நேந்தது நானு. நீ வர முடியலன்னா நான் கட்டுதேன். அம்மன் கோவிச்சுக்கிட மாட்டா" என்றாள்.

"முட்டு வலியோட எப்படிக்கா வீடு வீடா ஏறுவ?"

"பையப் போறேன். ஒனக்கென்னலே."

என்ன வேஷம் என்று எத்தனையோ முறை கேட்டேன். சொல்லவில்லை.

தசரா அன்று அவர்களுக்கு அந்தி. எனக்கு மதியம், மேகம் கவிந்து அந்தியைப் போலவே கிடந்தது. அக்காவின் பக்கத்து வீட்டுச் செல்வி மதினி குலசைத் தெருவிலிருந்து வீடியோவில் அழைத்தாள். மேளச் சத்தம், புழுதி, யாருடைய சடையோ, ஒரு காளியின் நாக்கு. அதற்கெல்லாம் நடுவில் என் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு வந்துகொண்டிருந்தது. முந்தின முறை ஊருக்குப் போனபோது வெக்கைக்குப் பயந்து அக்கா வீட்டுப் பீரோவில் விட்டுவந்த கோட்டு. கழுத்தில் கோணலாக ஒரு டை. கொண்டையை மூடிய தொப்பி. அதற்குக் கீழே வேர்த்து வழியும் அக்காவின் முகம். கையில் தட்டு.

"என்ன வேஷம்னு எல்லாரும் கேக்காவ. எந் தம்பி வேஷம்னு சொல்லுதேன்" என்றாள் என்னிடம்.

கடை வாசலில் நின்ற ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தொர லண்டன்ல இருந்தா வாறீரு? ஒமக்கு எதுக்கு வே பிச்ச?"

அக்கா தட்டை நீட்டினாள். "நெஞ்சுக்கு அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தி, சட்டைப்பையைத் துழாவிப் போட்டார். பொத்தான் மாற்றிப் போட்ட என் கோட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி ஏறியது. யார் வீட்டிலோ கையேந்திக் கேட்டது, யாரோ கொடுத்தார்கள். நான் இதுவரை எவரிடமும் கேட்டிராத எதையோ அது வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டே போனது. கூட்டத்தில் அதன் முதுகு மட்டும் தெரிந்தது. முகம் தெரியாதபோது அது முழுக்க நான்தான்.

சிக்னல் அறுந்தது. பால் தீர்ந்திருந்தது. மெல்லிய சட்டையோடு படியிறங்கினேன். நாய்க்காரக் கிழவர் எதிரில் வந்து "ஆல்ரைட்?" என்றார். பிறகு, என்னவோ, நின்றார். என் கைகளைப் பார்த்தார்.

"இந்தக் குளிரில் உங்கள் கோட்டு எங்கே?"

"ஊரில் இருக்கிறது" என்றேன். "எனக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது."